ஜாதி ஏட்டை எழுதியவன் யார்? எழுதச் சொன்னவன் யார்?

கொஞ்ச காலமாக நமது நாட்டில் ஒரு புதிய வாதம் கிளம்பி உலவிக்கொண்டிருக்கின்றது. அதாவது, "இந்நாட்டில் ஜாதி என்பது முன்பு இவ்வளவு கடுமையாக இருந்ததே இல்லை, வெள்ளைக்காரன் வந்து ஜனங்களைக் கணக்கெடுக்கிறேன் என்று புறப்பட்டு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெயரைச் சூட்டி, மேல் என்றும் கீழ் என்றும் ஏட்டில் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டான், ஆகவே ஜாதிக் கொடுமைக்கெல்லாம் ஜவாப்தாரி வெள்ளைக்காரனே தவிர, வேதமும் அல்ல, சாஸ்திரமும் அல்ல, பார்ப்பனியமும் அல்ல" என்பதாகும். இப்படிச் சொல்லுகிறவர்கள் படிக்காதவர்கள் அல்ல. பெரிய பெரிய புஸ்தகங்களை மேற்கோள் காட்டிச் சொல்லுகின்றார்கள். சாஸ்திரத்தை நேராகத் தாங்கிப் பேச இன்று வெட்கமாயிருப்பதால், பழியைக் கடல் தாண்டி அனுப்பிவிடப் பார்க்கின்றார்கள்.

இந்த வாதத்தில் கொஞ்சம் நிஜமும் இருக்கின்றது. கொஞ்சம் நிஜத்தைக் கலந்துகொண்டு வருகின்ற புரட்டுக்குத்தான் ஊரில் மதிப்பு அதிகம். வெள்ளைக்காரன் எழுதினான் என்பது நிஜம். அவன் எழுதியதால் கோடிக்கணக்கான ஜனங்கள் கெட்டார்கள் என்பதும் நிஜம். ஆனால், எழுதுகோல் பிடித்தவன் கப்பலேறி வந்த புதியவன். அவனுக்கு இந்நாட்டுப் பாஷையும் தெரியாது. யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார்கள் என்பதும் தெரியாது. அவன் யாரைக் கேட்டு எழுதினான்? இந்த ஒரு கேள்வியை மட்டும் மேற்படி பண்டிதர்கள் கேட்பதே இல்லை. ஆகையால் நாம் கேட்கின்றோம்.

கோர்ட்டுக்கு வந்த மனு

1772ஆம் வருஷத்தில் வங்காளத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸ் என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் ஓர் ஏற்பாடு செய்தார். கல்யாணம், வார்சு, ஜாதி முதலிய வழக்குகளில் முகமதியர்களுக்குக் குரான்படியும், மற்றவர்களுக்குச் சாஸ்திரப்படியும் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்பது அந்த ஏற்பாடு. சாஸ்திரம் என்றால் எது? அதில் என்ன இருக்கின்றது? இதை அவர் ஏர் உழுகின்றவனைக் கேட்டாரா? தறியில் உட்கார்ந்திருந்தவனைக் கேட்டாரா? தோல் தைக்கின்றவனைக் கேட்டாரா? பதினொரு பார்ப்பனப் பண்டிதர்களைக் கூட்டிவைத்துக் கேட்டார். அவர்கள் சமஸ்கிருதத்தில் தொகுத்துக் கொடுக்க, அது பாரசீகத்தில் பெயர்க்கப்பட்டு, அதிலிருந்து ஹால்ஹெட் என்பவரால் இங்கிலீஷில் பெயர்க்கப்பட்டு 1776இல் அச்சாகி வந்தது. பிறகு 1794இல் வில்லியம் ஜோன்ஸ் என்ற நீதிபதி மனுதர்ம சாஸ்திரத்தையே இங்கிலீஷில் கொண்டுவந்துவிட்டார்.

இதன் பலன் என்ன? அதற்கு முன்பு மனுதர்மத்தின் பெயரையே காதால் கேட்டிராத கூட்டங்கள் இந்நாட்டில் எத்தனையோ இருந்தன. அவர்களுக்குள் அறுத்துக் கட்டுகின்ற வழக்கம் இருந்தது. விதவைக்கு மறுமணம் இருந்தது. தங்கள் பஞ்சாயத்திலேயே தகராறைத் தீர்த்துக்கொண்டார்கள். அவர்கள் எல்லோரையும் "இந்து" என்ற ஒரே மூட்டையில் கட்டி, மனுவின் வாசலில் கொண்டுபோய்ப் போட்டது வெள்ளைக்காரன் கோர்ட்டு. வழக்கம் தெளிவாக ருஜுவானால் அது சாஸ்திரத்தைவிட மேலானது என்று 1868இல் ராமநாதபுரம் வழக்கில் பிரிவி கௌன்சில் சொல்லத்தான் செய்தது. ஆனால் இதிலுள்ள தந்திரத்தைக் கவனியுங்கள். வழக்கம் என்றால் சாட்சி வேண்டும், வக்கீல் வேண்டும், பணம் வேண்டும். மனு என்றால் ஒன்றும் வேண்டாம்; புஸ்தகத்தைத் திறந்தால் போதும்.

சூத்திரன் என்பவனுடைய ஆசைநாயகியின் பிள்ளைக்குச் சொத்தில் பங்கு உண்டு, துவிஜன் என்பவனுடைய அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பங்கு இல்லை, சோறு துணி மட்டும்தான் என்பது சாஸ்திரம். ஆகவே சொத்து வழக்கு வந்தாலே, "இவன் சூத்திரனா, அல்லவா?" என்று ஹைகோர்ட்டு ஜட்ஜுகள் ஆராய்ச்சி செய்யவேண்டியதாயிற்று. தஞ்சாவூர் மராட்டிய ராஜவம்சத்துச் சொத்தைப் பற்றிய வழக்கில், அவர்கள் க்ஷத்திரியர்கள் அல்ல, சூத்திரர்களே என்று சென்னை ஹைகோர்ட்டு 1924இல் தீர்ப்புச் சொன்னது. வாள் பிடித்து ராஜ்யம் ஆண்ட வம்சத்துக்கே இந்தக் கதி என்றால், மண்வெட்டி பிடித்தவன் கதி என்னவென்று சொல்லவேண்டுமா? இப்போது சொல்லுங்கள்: சூத்திரன் என்ற வார்த்தையை வெள்ளைக்காரனா கண்டுபிடித்தான்? அவன் செய்ததெல்லாம், பனையோலையில் கிடந்த அந்த வார்த்தைக்குக் கோர்ட்டு முத்திரை போட்டுக் கொடுத்ததுதான்.

மூக்கை அளந்தவர்கள்

இனி, ஜனக்கணிதத்துக்கு வருவோம். 1871 முதல் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கார் தலை எண்ணத் தொடங்கிற்று. 1901ஆம் வருஷத்துக் கணக்குக்குத் தலைவராயிருந்தவர் ரிஸ்லி என்பவர். இவர் மனிதர்களுடைய மூக்கை அளந்து, மூக்கு அகலமாக இருந்தால் ஜாதி கீழ், கூர்மையாக இருந்தால் ஜாதி மேல் என்று ஒரு சாஸ்திரம் செய்தவர். நமது மாகாணத்திலும் தர்ஸ்டன் என்பவர் அளவுகோலும் கையுமாக அலைந்து, 1909இல் ஏழு பாகங்கள் உள்ள ஜாதிப் புஸ்தகம் போட்டார். மூக்கின் அகலத்துக்கும் மனிதன் யோக்கியதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று பிற்காலத்து விஞ்ஞானம் அந்தக் குப்பையைத் தள்ளிவிட்டது. ஆனால் மூக்கை அளந்ததைவிடப் பெரிய அக்கிரமம் வேறொன்று நடந்தது.

வெறுமனே எண்ணினால் போதாது, ஜாதிகளை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தவும் வேண்டும் என்றார் ரிஸ்லி. எதை வைத்து வரிசைப்படுத்துவது? "இந்நாட்டுப் பொதுஜன அபிப்பிராயத்தை" வைத்தாம்! எந்தப் பொதுஜனம்? எண்ணிக்கையில் பெரும்பாலோராயிருந்தவர்கள் உழவர்களும், கைத்தொழிலாளிகளும், பண்ணையாட்களும் அல்லவா? அவர்களுடைய அபிப்பிராயம் கேட்கப்பட்டிருந்தால், "பாடுபடாமல் தின்கிறவன் கீழ்ஜாதி" என்றல்லவா வரிசை தலைகீழாக வந்திருக்கும்? கேட்கப்பட்டவர்கள் கச்சேரியில் உட்கார்ந்திருந்தவர்களும், இங்கிலீஷ் படித்தவர்களும், பண்டிதர்களும். அவர்களில் பெரும்பாலோர் யார் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

சென்னை மாகாணத்து 1901ஆம் வருஷ அறிக்கையில் வரிசைக்கு உபயோகித்த அளவுகோலைப் பாருங்கள். இந்த ஜாதிக்குப் பார்ப்பனப் புரோகிதன் வருகிறானா, எப்போதும் வருகிறானா, எப்போதாவது வருகிறானா? இவர்கள் தொட்டால் தீட்டா, தொடாமலே தீட்டா? மாட்டுமாமிசம் தின்கிறார்களா, இல்லையா? இவைதான் அளவுகோல். இந்த ஜாதியில் எத்தனை பேருக்கு நிலம் இருக்கின்றது, எத்தனை பேர் பட்டினி கிடக்கின்றார்கள், எத்தனை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்தார்கள் என்பதல்ல கேள்வி. பார்ப்பானுக்கு எவ்வளவு கிட்டே, எவ்வளவு எட்டே என்பதுதான் கேள்வி.

1911ஆம் வருஷத்துக் கணக்கில் இது இன்னும் வெட்டவெளிச்சமாயிற்று. கெயிட் என்ற கமிஷனர், யார் முழு இந்துக்கள், யார் அல்லர் என்று பிரிப்பதற்காகப் பத்துப் பரீட்சைகள் வைத்தார். பார்ப்பனர் மேன்மையை மறுக்கிறவர்கள் யார்? பார்ப்பன குருவினிடம் மந்திரம் பெறாதவர்கள் யார்? வேதத்தை ஒப்புக்கொள்ளாதவர்கள் யார்? பெரிய இந்துத் தெய்வங்களைக் கும்பிடாதவர்கள் யார்? நல்ல பார்ப்பனர் புரோகிதம் செய்ய மறுக்கின்றவர்கள் யார்? பார்ப்பனப் புரோகிதனே இல்லாதவர்கள் யார்? கோவிலுக்குள் விடப்படாதவர்கள் யார்? தீட்டு உண்டாக்குகிறவர்கள் யார்? பிணத்தைப் புதைக்கிறவர்கள் யார்? மாட்டிறைச்சி தின்று பசுவைப் பூஜிக்காதவர்கள் யார்? இவைதான் அந்தப் பத்து.

தோழர்களே! இந்தப் பத்தையும் மறுபடியும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். முதல் ஆறிலும் பார்ப்பனரும் அவர் வேதமும் அவர் மந்திரமும் அவர் தெய்வமும்தான் நடுவில் நிற்கின்றன. இதிலே சுயமரியாதைக்காரர் ஒவ்வொருவரும் பாதிக்குமேல் "தேறி"விடுவோம். பார்ப்பனர் மேன்மையை நாம் மறுக்கிறோம், வேதத்தை மறுக்கிறோம், மந்திரம் வேண்டாமென்கிறோம், புரோகிதன் வேண்டாமென்கிறோம். இவையெல்லாம் ஒரு மனிதனுடைய அறிவுக்கும் தன்மானத்துக்கும் அடையாளங்கள். இவற்றைத் தாழ்வுக்கு அடையாளமாக வைத்தது யாருடைய மூளை? லண்டனில் பிறந்த மூளைக்கு இப்படித் தோன்றுமா? வெள்ளைக்காரன் கை எழுதிற்று. வருணாசிரமம் சொல்லச்சொல்ல எழுதிற்று.

பிறவிக் குற்றவாளிகள்

இத்தோடு நின்றிருந்தால் ஏட்டுச் சுரைக்காய் என்று விட்டுவிடலாம். ஆனால் ஏட்டில் எழுதியது போலீஸ் லாக்கப்புக்கும் துப்பாக்கிக்கும் போயிற்று. 1871இல் வட நாட்டுக்கு ஒரு சட்டம் செய்தார்கள். 1911இல் அதையே நமது மாகாணத்துக்கும் சேர்த்து விரித்தார்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் என்று அதற்குப் பெயர். ஒரு கூட்டத்தைக் குற்றப் பரம்பரை என்று சர்க்கார் கெஜட்டில் போட்டுவிட்டால், அதில் பிறந்தவன் கைரேகை கொடுக்கவேண்டும்; போலீசுக்கு ஆஜர் கொடுக்கவேண்டும்; வெளியூர் போகச் சீட்டு வாங்கவேண்டும். கெஜட்டில் போட்டது சரியா தப்பா என்று எந்தக் கோர்ட்டும் விசாரிக்கக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருந்தது. அதற்கு அவர்கள் சொன்ன நியாயம் என்ன? தச்சன் மகன் தச்சனாவதைப்போலத் திருடன் மகன் திருடனாவான். இந்நாட்டில் தொழில் பரம்பரையாக வருகின்றது என்பதுதான். இது பிறவியால் தர்மம் என்கிற மனுவின் வாக்கா, அல்லவா? தொழிலைப் பிறவியோடு கட்டிய புத்தியிலிருந்து, குற்றத்தைப் பிறவியோடு கட்டுவதற்கு எவ்வளவு தூரம்?

நிஜம் என்ன? கொறவர்களில் பெருங்கூட்டம் உப்பையும் தானியத்தையும் மாட்டின்மேலும் கழுதையின்மேலும் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் வியாபாரம் செய்து பிழைத்து வந்தவர்கள். உப்பைச் சர்க்கார் தன் கைக்குள் இறுக்கிக்கொண்டது; ரயில் வந்தது; பிழைப்புப் போயிற்று. பிரமலைக் கள்ளர்கள் ஊர்க்காவல் செய்து கூலி வாங்கி வந்தவர்கள். போலீஸ் வந்தவுடன் காவல் ஒழிக்கப்பட்டது. வாயிலிருந்த சோற்றைப் பிடுங்கிக்கொண்டு, பிறகு, "நீ பிறக்கும்போதே திருடன்" என்றார்கள். 1914இல் மதுரைக்குப் பக்கத்திலுள்ள கீழக்குயில்குடியில் கள்ளர்கள்மேல் இச்சட்டம் பிரயோகிக்கப்பட்டு, பின்பு மற்ற ஊர்களுக்கும் பரவிற்று. 1920 ஏப்ரல் 3ஆந் தேதி, கைரேகை கொடுக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் ஜனங்களின்மேல் போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உள்படப் பத்துப் பேருக்குமேல் மாண்டார்கள். தன் கட்டைவிரல் தன்னுடையது என்று சொன்னதற்குக் கிடைத்த கூலி அது.

இன்னொன்றையும் பாருங்கள். 1891இல் சென்னை மாகாண ஜனக்கணிதத்தை நடத்தி ஜாதிகளைப் பட்டியல் போட்டவர் ஹெரால்டு ஸ்டூவர்ட் என்ற உத்தியோகஸ்தர். அவரே பின்னால் கவர்னரின் நிர்வாக சபை மெம்பரானார். எருக்குலர்களை அடைத்துவைப்பதற்காகக் குண்டூர் ஜில்லாவில் சால்வேஷன் ஆர்மி என்ற பாதிரிமார் சங்கம் நடத்திய குடியிருப்புக்கு அவர் பெயரால்தான் ஸ்டூவர்ட்டுபுரம் என்று பெயர் வைத்தார்கள். பட்டியலுக்கும் பட்டிக்கும் எவ்வளவு கிட்டின உறவு என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

படிக்கட்டில் இடம் கேட்ட பைத்தியம்

வெள்ளைக்காரனையும் பார்ப்பனியத்தையும் சொல்லிவிட்டு, நம்மவர்களை விட்டுவிட்டால் நாம் யோக்கியர்களல்ல. சர்க்கார் வரிசை போடுகிறது என்று தெரிந்தவுடனே நம்மவர்கள் என்ன செய்தார்கள்? வரிசையே கூடாது என்றார்களா? இல்லை. "என்னை இன்னும் இரண்டு படி மேலே போடு" என்று மகஜர் எழுதினார்கள். 1911இல் வங்காளத்தில் மட்டும் இப்படி வந்த மகஜர்களின் எடை ஒன்றரை மணங்காம்! நமது பக்கத்திலும், நான் க்ஷத்திரியன், நான் வைசியன் என்று புராணம் எழுதாத ஜாதி குறைவு. பூணூல் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். விதவைகளின் மறுமணத்தை நிறுத்தினார்கள். மேலே போவதற்காகப் பெண்களைக் கீழே தள்ளினார்கள். தனக்குமேல் ஒருவன் இருப்பது இவர்களுக்கு வருத்தமில்லை. தனக்குக்கீழ் ஒருவன் இருந்தால் போதும் என்பதுதான் இந்த வியாதி.

இதனால் லாபம் வந்ததா? நாடார்கள் தாங்கள் க்ஷத்திரியர் என்று பாத்தியம் கொண்டாடிக்கொண்டு 1897இல் கமுதிக் கோவிலுக்குள் போனார்கள். வழக்கு நடந்தது. 1908இல் லண்டன் பிரிவி கௌன்சில் வரையில் போய்த் தோற்றார்கள். மனிதன் என்ற உரிமையில் கேட்காமல் க்ஷத்திரியன் என்ற உரிமையில் கேட்டதால், "க்ஷத்திரியன் என்பதற்குச் சாஸ்திரம் எங்கே?" என்று எதிரி கேட்பதற்கு இடமாயிற்று. பார்ப்பான் எழுதிய பத்திரத்தைக் காட்டிப் பார்ப்பானிடமே பாத்தியம் கேட்டால் கிடைக்குமா?

வேறு வழி காட்டியவர்களும் இருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் மேல்படி கேட்கவில்லை. இந்து என்ற படிக்கட்டே வேண்டாம், பௌத்தர்கள் என்று எழுதுங்கள் என்று 1911ஆம் வருஷக் கணக்கின்போது தம் மக்களுக்குச் சொன்னார். எம். சி. ராஜா அவர்கள் 1922இல் சென்னைச் சட்டசபையில் போராடி, பறையர், பஞ்சமர் என்று எழுதுவதை மாற்றி ஆதிதிராவிடர் என்று சர்க்கார் எழுதும்படி செய்தார். 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜாதி வாலை அறுத்தெறியச் சொல்லித் தீர்மானித்தது. படி கேட்பது வேறு. படிக்கட்டை இடிப்பது வேறு.

அப்படியானால் கணக்கே வேண்டாமா?

இங்கேதான் நமது எதிரிகள் சந்தோஷமாகக் குறுக்கிடுவார்கள். "ஜாதியை எழுதியதுதான் கெடுதி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், பின் ஏன் ஜாதிவாரிக் கணக்குக் கேட்கின்றீர்கள்?" என்பார்கள். நல்ல கேள்வி, பதில் சொல்லுகின்றோம்.

நோயாளியின் உடம்பைத் தொட்டுப் பார்ப்பவர் இரண்டு விதம். ஒருவர் வைத்தியர், மற்றொருவர் பாடை கட்டுகிறவர். தொடுவது ஒன்றுதான், நோக்கம் வேறு. யார் எத்தனை படி தாழ்ந்தவன் என்று அறிய எழுதிய கணக்குப் பாடை கட்டுகிறவர் கணக்கு. யாருக்கு எது மறுக்கப்பட்டது என்று அறிய எடுக்கும் கணக்கு வைத்தியர் கணக்கு. நூற்றுக்கு மூன்று பேராயிருந்த பார்ப்பனர்கள் 1912இல் சென்னை மாகாணத்து ஜில்லா முன்சீப் உத்தியோகங்களில் நூற்றுக்கு எழுபதுக்குமேல் வகித்தார்கள் என்பது எப்படித் தெரிந்தது? கணக்கால்தான் தெரிந்தது. தெரிந்ததால்தான் வகுப்புவாரி உத்தரவு பிறந்தது. வரிசை போட்டபோதெல்லாம் கணக்கு இனித்தது. பங்கு கேட்டபோது மட்டும் "ஐயோ, தேசம் துண்டாகிறதே" என்று அழுகை வந்தது. 1932இல் லோதியன் கமிட்டி தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஓட்டுரிமையைப் பற்றி விசாரிக்க வந்தபோது, வட நாட்டு மேல்ஜாதிக்காரர்கள், எங்கள் மாகாணத்தில் தீண்டாதார் என்று அநேகமாக யாருமே இல்லை என்று சாதித்தார்கள். கிணற்றங்கரையில் இருந்த தீண்டாதார் ஓட்டுப் பெட்டியண்டை வந்தவுடன் மாயமாய் மறைந்துவிட்டார்களாம்!

1931க்குப் பிறகு எல்லா ஜாதிக்குமான முழுக் கணக்கு இந்நாட்டில் வெளிவரவே இல்லை. 2011இல் எடுத்த ஜாதிக் கணக்கை மத்திய சர்க்கார் வெளியிடாமல் வைத்துக்கொண்டது. 2023இல் பீகார் சர்க்கார் தானே கணக்கெடுத்து வெளியிட்டது. பிற்பட்டவர்களும் மிகவும் பிற்பட்டவர்களும் சேர்ந்து நூற்றுக்கு 63 பேர் என்று ஏற்பட்டது. அதன்பின் 2025இல், அடுத்த ஜனக்கணிதத்தில் ஜாதியும் கேட்கப்படும் என்று மத்திய சர்க்கார் தீர்மானித்தது. நாம் வரவேற்கின்றோம். ஆனால் எண்ணினால் மட்டும் போதாது. எந்தக் கேள்வி கேட்கப்படுகின்றது என்பதைக் கவனிக்கவேண்டும். எந்த ஜாதியிடம் எத்தனை ஏக்கர் நிலம்? ஹைகோர்ட்டில் எந்த ஜாதி ஜட்ஜுகள் எத்தனை பேர்? சாக்கடைக் குழியில் இறங்கி மூச்சடைத்துச் சாகின்றவன் எந்த ஜாதி? இந்தக் கேள்விகளைக் கேட்காத கணக்கு ரிஸ்லியின் கணக்குக்குத் தம்பிதான்.

"வெள்ளைக்காரன் போய்விட்டான், இனிமேல் என்ன?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குற்றப் பரம்பரைச் சட்டம் நமது மாகாணத்தில் 1947இலும், தேசமெங்கும் 1952இலும் ஒழிக்கப்பட்டது. ஆனால் ஒழித்த கையாலேயே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று பல மாகாணங்களில் வேறு பெயரில் எழுதிக்கொண்டார்கள். சுதந்திரம் வந்த பிறகு 1951இல் எழுதப்பட்ட ராஜஸ்தான் ஜெயில் விதிகளில், சமையலுக்குப் பார்ப்பனர் அல்லது உயர்ந்த ஜாதிக் கைதி, கக்கூசு கழுவ மேத்தர் ஜாதிக் கைதி என்று இருந்தது. மேற்கு வங்காள ஜெயில் விதியில், நாடோடிக் கூட்டத்தாருக்கு ஓடிப்போகும் சுபாவம் பிறவியிலேயே பலமாக உண்டு, ஆகையால் அவர்களை இராக்காவலுக்கு வைக்காதே என்று இருந்தது. இவற்றையெல்லாம் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது எப்போது? 2024 அக்டோபர் 3ஆந் தேதி! வெள்ளைக்காரன் போய் எழுபத்தேழு வருஷங்களுக்குப் பிறகு! அவனே எழுதியது என்றால், அவன் போன மறுநாள் கிழித்திருக்கலாமே? கிழிக்காமல் பத்திரப்படுத்திப் புதிதாகவும் எழுதிவைத்துக்கொண்டது யார் என்று கேட்கின்றோம்.

நமக்கு எந்தத் தனி மனிதரிடமும் பகை இல்லை. பிறவியில் உயர்வு தாழ்வு உண்டு என்ற எண்ணத்தோடுதான் பகை. அந்த எண்ணம் அக்கிரகாரத்தில் இருந்தாலும் ஒன்றுதான். கலெக்டர் கச்சேரியில் இருந்தாலும் ஒன்றுதான். சேரித்தெருப் பையன் சைக்கிளில் தன் தெரு வழியே போகக்கூடாது என்று தடி எடுக்கிற பிற்பட்ட ஜாதிக்காரன் நெஞ்சில் இருந்தாலும் ஒன்றுதான். சூத்திரப் பட்டம் தனக்குக் கசக்கின்றது என்கிறவன், பிறனுக்குத் தீண்டாதான் பட்டத்தை ஊட்டுவது எந்த நியாயம்?

ஆகவே தோழர்களே! இனி உங்கள் வாசலுக்குக் கணக்குக்காரர் வருவார். ஜாதி என்ன என்று கேட்பார். பங்கு கேட்பதற்காக, பட்டியலில் உள்ள பெயரைக் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். அது பார்ப்பனியமும் அதற்குக் குமாஸ்தா வேலை பார்த்த வெள்ளை அதிகாரமும் நம்மீது வைத்த கடனுக்குச் சாட்சிப் பத்திரம், அவ்வளவுதான். அதைப் பெருமையென்று நெற்றியில் ஒட்டிக்கொள்ளாதீர்கள். அதை வைத்து வேறொருவனுக்குக் கீழ்ப்படி தேடாதீர்கள். கடன் வசூலானவுடன் பத்திரத்தைக் கிழித்துப் போடுவதுதான் முறை. வசூலாகும் முன்னே கிழிக்கச் சொல்லுகிறவன் கடன்காரன். வசூலான பின்னும் கட்டிக்கொண்டு அழுகிறவன் முட்டாள். இந்த இரண்டு பேரிடமும் ஏமாறாமலிருப்பதுதான் சுயமரியாதை.